இலையுதிர்கால மலைநடையில் ஒளிப்படம்: ஒளியைத் தேடி நடப்பதா, ஓரிடத்தில் நின்று காத்திருப்பதா?

குன்றேறி (தொடக்கப் பதிவு)

நாள் முழுவதும் நீளும் இலையுதிர்கால மலைநடைகளில் நிலக்காட்சிகளைப் படமெடுப்பது குறித்து எனக்குள்ள ஐயங்களை இங்கே முன்வைக்கிறேன். விடிந்து சற்று நேரத்தில் பள்ளத்தாக்கின் மரங்களுக்கிடையே தொடங்கி, முற்பகலில் சரிவேறி, நண்பகலை ஒட்டி முகட்டை அடைந்து, பிற்பகலில் மறுபுறம் இறங்குவதே எங்கள் குழுவின் வழக்கம். கோடையில் இந்த வரிசை பெரிய சிக்கலைத் தருவதில்லை. இலையுதிர்காலத்திலோ ஒரே சரிவு அரை மணி நேரத்துக்குள் மூன்று விதமாகத் தோற்றம் மாறுகிறது. பொன்னிற ஒளிக்கான நேரம் என்று கைப்பேசிச் செயலி குறிப்பிடும்போது நான் நிற்கும் இடம் முன்பே நிழலுக்குள் போய்விட்டிருக்கிறது. முகட்டுக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் பள்ளத்தாக்கு கறுத்துப்போகிறது. பள்ளத்தாக்கைப் பார்த்து வைத்தால் மேகம் வெளுத்துவிடுகிறது. மஞ்சள் இலைகள் நேரில் ஒளிர்ந்த விதத்துக்கும் படத்தில் வருவதற்கும் தொடர்பே இருப்பதில்லை.

என் முதன்மையான கேள்வி ஒன்றுதான். நடந்துகொண்டே, வரும் ஒளியை வந்தபடி எடுத்துக்கொள்வது நல்லதா, அல்லது நடையின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தாவது ஓரிடத்தில் நின்று ஒளிக்காகக் காத்திருப்பது நல்லதா?

நிழற்கணக்கு

உங்கள் கேள்விக்கு விடை சொல்லுமுன் செயலியைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனெனில் மற்றவையெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. பெரும்பாலான செயலிகள் தடையற்ற சமதள அடிவானத்தை வைத்தே சூரியன் மறையும் நேரத்தைக் கணிக்கின்றன. மலையில் உங்கள் அடிவானம் என்பது எதிரே நிற்கும் முகடு. புவி மணிக்கு 15 பாகை சுழன்றாலும், நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற இடங்களில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அதன் உயரம் அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. 50 பாகை அட்சரேகையில், சமபகலிரவு நாளையொட்டி, மாலையில் அது மணிக்கு ஏறத்தாழ 9.6 பாகை இறங்குகிறது. ஆகவே மேற்கிலுள்ள முகடு 10 பாகை உயரத்துக்கு எழுந்து நின்றால், செயலி காட்டும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே உங்களுக்குச் சூரியன் மறைந்துவிடும். அந்த உயரத்தில் ஒளி இன்னும் முழுமையாகப் பொன்னிறம் அடைந்திருக்காது. அதாவது, உயரமான மேற்கு முகட்டின் அடியிலுள்ள பள்ளத்தாக்கில் நேரடிப் பொன்னொளி என்பது விழுவதே இல்லை. அதைக் கிழக்குப் பக்கச் சரிவின் மேற்பாதிதான் பெறுகிறது. கையை முழுவதுமாக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, ஒரு விரலின் அகலம் சுமார் 2 பாகை. எந்த இடத்தில் நின்றாலும் இதை வைத்து நிழல் வந்து சேரும் நேரத்தைக் கணித்துவிடலாம்.

இலையுதிர்காலத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியன் மறையும் திசை இந்தப் பருவத்தில் மிக விரைவாக நகர்கிறது. அதே அட்சரேகையில் செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 23 வரையிலான ஒரே மாதத்தில் அது மேற்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 18 பாகை விலகிவிடும். செப்டம்பர் மாலையில் ஒரு கணவாய் வழியாக உள்ளே வந்து சரிவைத் தொட்ட ஒளி, இலைகள் உச்ச நிறத்தை எட்டும் வேளையில் பக்கத்துக் குன்றின் பின்னால் சிக்கிக்கொள்ளும். சென்ற மாதம் நன்றாக வந்த இடம் இந்த மாதமும் வரும் என்று நம்பி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நண்பகல் உயரமும் அப்படியே சரிகிறது: சமபகலிரவு நாளில் 40 பாகை, அக்டோபர் இறுதியில் சுமார் 26 பாகை. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. உச்சிவெயில் என்று ஒன்று இல்லாததால் நாள் முழுவதும் பக்கவாட்டு ஒளி கிடைக்கிறது, நிலத்தின் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் நேர் வடக்கு நோக்கிய, 30 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவுகள் அக்டோபர் இறுதியில் நாள் முழுவதும் ஒரு கதிரைக்கூடக் காண்பதில்லை. தெற்கு அரைக்கோளத்தில் மாதங்களையும் திசைகளையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

எனவே என் கருத்து: நடைப்பாதையை முதலில் தீர்மானித்துவிட்டு ஒளியைத் தேடுவதைக் காட்டிலும், எந்தச் சரிவு எந்த வேளையில் ஒளி பெறும் என்று வரைபடத்தின் சமவுயரக் கோடுகளில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நடையின் திசையையே திருப்பிவிடுவது மேல். பல வட்டப்பாதைகளை எதிர்த்திசையில் நடந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றுகால்

நண்பர் நிழற்கணக்கு சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சூரியனின் நிலை பாதிக் கதைதான், மீதி மேகங்களுடையது. மேகநிழல், மேகத்தின் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்திலேயே நிலத்தின்மீது நகர்கிறது. அது மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால் இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கை ஒரு நிழல் கடக்க நான்கு நிமிடங்கள் ஆகும். திட்டுத்திட்டான மேகங்கள் ஓடும் நாளில் ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் முற்றிலும் வேறுபட்ட பல படங்கள் தாமாகவே வந்து சேரும். முன்னணி நிழலில் இருக்க நடுச்சரிவின் மஞ்சள் மரங்கள்மீது மட்டும் ஒளி விழுவது, பிறகு அந்த ஒளி பின்னுள்ள பாறை முகத்துக்குத் தாவுவது, ஒரு கணம் எங்குமே ஒளியின்றிப் போவது என்று அவை ஒவ்வொன்றும் தனிப்படம். நடப்பவர் இவற்றில் ஒன்றைத்தான் காண்பார், அதுவும் பெரும்பாலும் தவறான இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.

காத்திருப்பது என்றால் சும்மா நிற்பது அன்று. சட்டகத்தை அமைத்து, குவியத்தைப் பூட்டிவிட்டு, அண்ணாந்து வானத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த இடைவெளி எங்கே விழும் என்பதை மேகத்தைப் பார்த்தே அறியலாம். வெயில்படும் நிலத்துக்கும் திறந்த நிழலுக்கும் இடையே பொதுவாக மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு), அதாவது எட்டு மடங்கு, வேறுபாடு உண்டு. ஆகவே ஒளி வருமுன்பே வெயிலுக்கான எக்ஸ்போஷரைக் கைமுறையில் வைத்துவிடுங்கள். வெயில் விழுந்த பிறகு அளக்கத் தொடங்கினால் ஒளி போன பிறகுதான் அளந்து முடிப்பீர்கள்.

விரைநடை

இருவரும் சொல்வது ஒளிப்படம் எடுப்பதற்காகவே மலையேறுபவர்களுக்குப் பொருந்தும். கேள்வி கேட்டவர் குழுவோடு நடப்பவர். ஒருவர் முக்காலியின் பக்கத்தில் மேகம் விலகக் காத்திருக்க, வியர்வை உலர்ந்து குளிரெடுத்து மற்றவர்கள் நிற்பதை எந்தக் குழுவும் ஒருமுறைக்கு மேல் பொறுத்துக்கொள்ளாது. பருவத்தையும் மறக்க வேண்டாம். 50 பாகை அட்சரேகையில் சமபகலிரவையொட்டி ஒவ்வொரு நாளும் பகல் மூன்றரை நிமிடங்களுக்கு மேல் சுருங்குகிறது. இரண்டு வாரத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழப்பு. ஈர இலைகள் மூடிய பாறைப்படிகளில் இருட்டில் இறங்குவதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. தலைவிளக்கு இல்லாமல் மாலை ஒளிக்காகக் காத்திருக்கும் யோசனையையே நான் ஏற்க மாட்டேன்.

நடந்துகொண்டே எடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கேமராவைப் பைக்குள் வைக்காமல் தோள்பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/8, தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று வைத்துவிட்டு, எக்ஸ்போஷரைக் கூட்டிக்குறைக்கும் சக்கரத்தை மட்டும் விரலில் வைத்திருங்கள். பாதை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சூரியன் இருக்கும் பக்கம் மாறுகிறது. கொண்டையூசி வளைவுகளில் ஏறும் நடையில் எதிரொளி, பக்கவொளி, முன்னொளி ஆகிய மூன்றும் சில நிமிடங்களுக்குள் கிடைத்துவிடுகின்றன. ஓரிடத்தில் நிற்பவர் ஒளி தன்னிடம் வரக் காத்திருக்கிறார். நடப்பவர் ஒளியின் கோணத்தைத் தாமே மாற்றிக்கொள்கிறார்.

குன்றேறி

எதிரொளி என்று குறிப்பிட்டீர்கள். இலைகளுக்கு நேர்ப்பின்னால் சூரியன் இருக்கும்போதுதான் கண்ணுக்கு நிறம் மிக அழகாகத் தெரிகிறது, படத்தில்தான் மஞ்சள் தட்டையாகிவிடுகிறது. ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளிர்வுப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடவே இல்லை என்பதையும் பார்த்துத்தான் எடுக்கிறேன். பிறகு ஏன் அப்படி ஆகிறது?

பழஞ்சுருள்

நீங்கள் பார்ப்பது ஒட்டுமொத்த ஒளிர்வுக்கான ஹிஸ்டோகிராமாக இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியே காட்டும் அமைப்புக்கு மாற்றிப் பாருங்கள். வெயில் படும் மஞ்சள் இலையில் சிவப்பு அலைவரிசை மிக உயரத்திலும் பச்சை அதற்கடுத்தும் நிற்கும், நீலம் ஏறக்குறைய இருக்காது. ஒட்டுமொத்த வரைபடம் இன்னும் இடமிருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு நிரம்பி வழிந்துவிடுகிறது. நிரம்பிய இடத்தில் இலைநரம்புகளும் நிறத்தின் ஏற்ற இறக்கங்களும் அழிந்து, சாயம் பூசிய காகிதம்போலத் தெரிகிறது. சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். அது பெரும்பாலும் முக்கால் ஸ்டாப் அளவில் முடிந்துவிடும். கேமராத் திரையிலுள்ள வரைபடம் ஜேபெக் உருவை வைத்தே வரையப்படுகிறது என்பதால் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலத் தரவில்) இன்னும் சிறிது இடம் இருக்கும். அதையே நம்பி நடக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் வெண்சமநிலை, அதாவது எந்த ஒளியை வெண்மையாகக் கொள்வது என்ற அமைப்பு. தானியங்கியில் விட்டால் கேமரா மாலையின் மஞ்சளை நிறப்பிழை என்று கருதித் திருத்த முற்படும். 5200 முதல் 5500 கெல்வின் வரை ஏதேனும் ஒன்றில் நிலைநிறுத்திவிடுங்கள். தெளிந்த வானத்தால் மட்டும் ஒளியூட்டப்படும் நிழற்பகுதிகள் 7000 கெல்வினுக்கு மேற்பட்டவை, ஆகவே அவை நீலமாகவே வரும். அந்த நீலத்தை முழுவதுமாக நீக்கிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மஞ்சள் மரத்தின் பின்னால் நீல நிழல் நிற்பதால்தான் அந்த மஞ்சளுக்கே வலிமை.

எதிரொளியில் நிறம் மிகுவதற்கு இலையின் அமைப்பே காரணம். பகல் குறுகிக் குளிர் கூடும்போது பச்சையம் சிதைந்து, ஏற்கெனவே உள்ளிருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் பல மரங்களில் அந்தப் பருவத்திலேயே புதிதாக உருவாகிறது. முன்னொளியில் இலையின் மெழுகுப் பரப்பு வானத்தைப் பிரதிபலித்து அந்த நிறத்தின்மேல் வெண்மையைப் பூசிவிடுகிறது, எதிரொளியிலோ கதிர் இலையை ஊடுருவி நிறமிகளின் வழியாக வருகிறது. பின்னணி நிழலிலுள்ள சரிவாக இருக்கும்படி நின்றால் மட்டுமே அந்த ஒளிர்வு படத்தில் தெரியும். வெளுத்த வானம் பின்னால் இருந்தால் எதுவும் மிஞ்சாது.

மேகமூட்டமான நாளில் இதே வெண்பூச்சை போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) நீக்கிவிடும். நீலவானத்தைக் கறுக்க வைக்கும் கருவி என்றே பலரும் அதை வாங்குகிறார்கள், ஆனால் மழைக்குப் பிந்தைய காட்டில்தான் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஈர இலைகளிலும் பாறைகளிலும் உள்ள பளபளப்பு அடங்கி, அடியிலுள்ள நிறம் மேலே வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியை அது விழுங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் தெளிவான நீலவானத்தோடு பயன்படுத்தினால் சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப்பகுதி மட்டும் கறுத்து, படத்தின் குறுக்கே ஒரு பட்டை விழும்.

வெண்மூட்டம்

எல்லோரும் வெயிலைப் பற்றியே பேசுகிறீர்கள். இலையுதிர்கால மலைகளின் தனிச்சிறப்பு காலைமூடுபனி. அதைக் கணிக்கவும் முடியும். நீண்ட இரவு, தெளிந்த வானம், காற்றின்மை, முந்தைய நாள் பெய்த மழையின் ஈரம் ஆகிய நான்கும் கூடிவந்தால் நிலம் வெப்பத்தை இழந்து, குளிர்ந்த காற்று சரிவுகளின் வழியே வடிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. மேலே வெப்பமான காற்று மூடிபோல நிற்பதால் பனி எழாமல் அங்கேயே கிடக்கிறது. அந்த நாளில் விடியலுக்கு முன்பே மேலே இருப்பவருக்குத்தான் காட்சி. குன்றேறியின் வழக்கமான வரிசைப்படி விடிந்தபின் கீழிருந்து கிளம்பினால் வெள்ளைச் சுவரைத்தான் படமெடுக்க நேரும்.

ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போதே பனியின் மேல்விளிம்பைக் கடக்க நேர்ந்தால் அங்கே நின்றுவிடுங்கள். பனியின் உள்ளேயும் மேலேயும் உள்ளதைவிட அந்த விளிம்பில்தான் படங்கள் மிகுதி. பனித்துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிப்பதால், மரங்களுக்கிடையே இறங்கும் கதிர்கள் சூரியனை நோக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். சூரியனை முதுகுக்குப் பின் வைத்து அவற்றைத் தேடுவது வீண். சூரியன் நிலத்தைச் சூடாக்கத் தொடங்கியதும் பனி கலைவதற்கு முன் சிறிது நேரம் மேலெழுந்து முகட்டையே மூடிக்கொள்ளலாம். படம் கெட்டது என்று எண்ணி இறங்கிவிடாமல் பொறுத்திருந்தால், அது திறந்து மூடும் இடைவெளிகளில் தனி மரங்களும் பாறைகளும் அரைகுறையாகத் தோன்றி மறையும். பனிக்கடல் சட்டகத்தை நிறைக்கும்போது கேமராவின் அளவி அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள்.

விரைநடை

மூடுபனிக்காகக் காத்திருப்பதை நானும் மறுக்கவில்லை. கலையும் வரை மேலே போவதும் பாதுகாப்பில்லை, ஆகவே அந்தக் காத்திருப்புக்குக் குழுவும் உடன்படும். மாலைக்காக நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பழஞ்சுருள்

காத்திருப்பவர், நடப்பவர் என்று இரு கட்சிகளாகப் பிரிந்துவிட்டதால் இடையில் நிற்கும் ஒரு படத்தைச் சொல்கிறேன். அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் சிற்றூருக்குமேல் நிலவு எழுவதை எடுத்த படம் அது. சாலையில் போய்க்கொண்டிருந்தவர் காட்சியைக் கண்டு வண்டியை நிறுத்தினார், அவசரத்தில் ஒளியளவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவிலிருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணித்தார். இரண்டாவது தகட்டை எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள்மீது இருந்த வெயில் போய்விட்டது. அவர் காத்திருக்கவும் இல்லை, தற்செயலை நம்பவும் இல்லை. மனத்தில் ஓர் எண்ணை வைத்திருந்தார். படத்தின் நாளை அவர் குறித்து வைக்காததால், பின்னாளில் நிலவின் நிலையைக் கொண்டு வானியல் கணக்கீட்டின் வழியாக அதை நவம்பர் 1 என்று நிறுவினார்கள் என்பது நண்பர் நிழற்கணக்குக்கு உவப்பான கூடுதல் செய்தி.

மலைநடைக்கும் அதையே சொல்வேன். முழு வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் (ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி); திறந்த நிழலில் எஃப்/5.6. இந்த இரண்டும் மனத்திலிருந்தால் நடந்துகொண்டே இருந்தாலும் ஒளி விழும் கணத்தில் கை தயாராக இருக்கும். சூரியன் அடிவானத்தை நெருங்கிய பின் இந்தக் கணக்குப் பொருந்தாது, அப்போது அளக்கத்தான் வேண்டும்.

நிழற்கணக்கு

மாலையைப் பற்றி விரைநடைக்கு ஒரு சொல். சூரியன் மறைந்தபின் எல்லோரும் மேற்கையே பார்க்கிறார்கள். ஆனால் தெளிந்த நாளில் கிழக்கில், அடிவானத்துக்குச் சற்றுமேல் புவியின் நிழலான கருநீலப் பட்டையும் அதன்மேல், வெள்ளிக் கோளின் பெயரால் வெள்ளிவளையம் எனப்படும் இளஞ்சிவப்புப் பட்டையும் எழுகின்றன. இறங்கும் பாதை கிழக்கு நோக்கியதாக இருந்தால், காத்திருக்காமல் நடந்துகொண்டே இதை எடுக்கலாம். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போகும்வரை, அதாவது நாம் பேசிய அட்சரேகையில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பாதையைக் காணப் போதுமான வெளிச்சம் திறந்த சரிவில் இருக்கும். மரங்களுக்குள் இருக்காது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலைகளில் இந்த அவகாசம் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான்.

குன்றேறி

அனைவருக்கும் நன்றி. அடுத்த நடையை எதிர்த்திசையில் வைத்து, முற்பகலில் சரிவின் ஓரிடத்தில் மட்டும் உணவு இடைவேளையோடு சேர்த்து நீண்ட நேரம் நிற்பது என்றும், மற்ற இடங்களில் நடந்தபடியே எடுப்பது என்றும் குழுவிடம் பேசி முடித்திருக்கிறேன். ஒரு ஐயம் மீதமிருக்கிறது. முகட்டையும் பள்ளத்தாக்கையும் ஒரே சட்டகத்தில் வைக்கும்போது படிநிலைச் சாம்பல் ஃபில்டரை (மேற்பாதி மட்டும் கருமையான ஃபில்டர்) பயன்படுத்துவதா, வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்துப் பின்னர் இணைப்பதா? முகட்டின் கோடு நேராக இருப்பதில்லையே.

மூன்றுகால்

முகட்டுக்கோடு மேலும் கீழுமாகப் போகும் இடத்தில் படிநிலை ஃபில்டர், மேலெழுந்த சிகரத்தின் தலையையும் சேர்த்துக் கறுக்க வைத்துவிடும். சமமான நீள்முகடுகளுக்கு மட்டுமே அது பொருத்தம், அங்கும் மென்விளிம்பு வகையே நல்லது. மற்ற இடங்களில் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைப்பதே சரி. ஆனால் முன்னணியில் மரக்கிளை இருந்து காற்றும் வீசினால் மூன்று படத்திலும் இலைகள் வெவ்வேறு இடத்தில் நிற்கும், இணைத்தபின் விளிம்புகளில் பேயுருவங்கள் தோன்றும். அப்போது இலைகளை முழுக்க முழுக்க ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வானத்தை மட்டும் குறைந்த எக்ஸ்போஷர் படத்திலிருந்து சேர்க்க வேண்டும். இலைகளுக்கான அந்தப் படத்தை, ஐஎஸ்ஓவை 800 வரை உயர்த்தியாவது, 1/250 வேகத்தில் எடுங்கள்.

குவியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: முழுச்சட்டகக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப்/11 என்றால் சுமார் 1.75 மீட்டரில் குவித்தால் ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவிலிருந்து தொலைமலை வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். தொலைமலையே முதன்மை என்றால் இன்னும் சற்று அப்பால் குவியுங்கள். எஃப்/16க்குமேல் போவதால் ஆழம் கூடுவதைவிட ஒளியின் விளிம்பு வளைவால் (சிறு துளையில் ஒளி விரிந்து பரவுவதால்) கூர்மை குறைவதே மிகுதி. தற்காலக் கேமராக்களின் ரா கோப்பில் நிழலைத் தாராளமாக உயர்த்தலாம் என்பதால், வானத்துக்கும் நிலத்துக்கும் இரண்டு ஸ்டாப்புக்கு உட்பட்ட வேறுபாடே இருந்தால் ஃபில்டருக்காகப் பையைத் திறக்கவே வேண்டியதில்லை.